பனெட்டுக்கு அப்போது தெரியாதவை

“முதல் வேலையாக இந்தத் தலைப்பை எடுங்கோ ரீச்சர்” என்று சொன்னேன். பரம்பரை ஆராய்ச்சியாளர் ரெஜினோல்ட் பனெட்டைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக் கைப்பிரதியின் முதல் பக்கத்தில் ‘பிறப்புரிமையியலின் தந்தையருள் ஒருவர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ரீச்சர் கோபிக்கவில்லை. “காரணத்தைச் சொல்லும், எடுக்கிறன்” என்றார். காரணம் சொல்லத் தொடங்கியதில் பின்னேரம் முழுவதும் போய்விட்டது. அன்று கதைத்ததில் பெரும்பகுதி எந்த விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றுக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அதனால், ரீச்சரின் சம்மதத்தோடு, இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தமிழில் அறிவியல் எழுதுகிற சிலர். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருவருக்கொருவர் வாசிக்கக் கொடுப்போம். கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுவோம். தேத்தண்ணியும் வாய்ப்பனும் வரும். அப்புறம் தாட்சண்யம் பார்க்காமல் கதைப்போம். ரீச்சர் உயர்தர உயிரியலைத் தமிழில் ஒரு தலைமுறைக்கே படிப்பித்தவர், நானும் அவரிடம் படித்தவன். ஆனாலும் கைப்பிரதியைத் தரும்போது “என்னட்டப் படிச்சனீர் எண்டதை மறந்துபோட்டு வாசியும்” என்று சொல்லித்தான் தந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆள் ரெஜினோல்ட் பனெட். எங்கள் ஊரில் உயிரியல் படித்த எவரும் பனெட்டின் சதுரத்தைக் கீறாமல் பரீட்சை மண்டபத்தை விட்டு வந்திருக்கமாட்டார்கள். மேலே ஒரு பெற்றாரின் புணரிகள் (இனப்பெருக்கக் கலங்கள்), பக்கத்தில் மற்றவரின் புணரிகள், கட்டங்களுக்குள் சேர்க்கைகள். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். 1875 இல் இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் பிறந்து 1967 வரை வாழ்ந்தார். மருத்துவம் படிக்கப் போய் விலங்கியலுக்குத் திரும்பி, கடற்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த இடத்திலிருந்து பரம்பரை ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். இதெல்லாம் எங்கள் பாடக்கொப்பிகளில் வந்ததில்லை. அவரைப் பற்றித் தமிழில் ஒரு நூல் வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கைப்பிரதியில் தகவற் பிழைகள் குறைவு. ரீச்சர் அவ்வளவு கவனமானவர். குறை வேறிடத்தில் இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்தே பனெட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே கேம்பிரிட்ஜ் பேராசிரியராகப் போகிறவர் மாதிரி நடந்துகொள்கிறார். 1905 இல் செடிகளை எண்ணும்போதே, அமெரிக்காவில் பரம்பரை ஆராய்ச்சியாளர் தோமஸ் மோர்கன் பின்னாளில் சொல்லப்போவதை வாசித்துவிட்டவர் போல முடிவு சொல்கிறார். எழுதுகிற எங்களுக்கு முடிவு தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதை எழுதப்படுகிற ஆளின் தலைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் அவர் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. யோசிக்காத விஞ்ஞானியின் கதையை யார் வாசிப்பது? நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான். அவருக்கு அப்போது தெரியாதவற்றை அந்தப் பக்கங்களில் தெரியாமலே விட்டுவிடுங்கோ என்றேன்.

இதற்குப் பனெட்டை விட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். கேம்பிரிட்ஜில் பரம்பரையை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் பேற்சனும் எடித் சோண்டர்ஸும் அவரும் சேர்ந்து மணம் வீசும் பூப்பட்டாணிச் செடியில் செய்த கலப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாப் பூவும் நீள மகரந்தமும் கொண்ட செடியை, சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் கொண்ட செடியோடு கலந்தார்கள். முதற் சந்ததி முழுவதும் ஊதா, நீளம். அதற்கடுத்த சந்ததியை எண்ணினால், பரம்பரை விதிகளை முதலில் கண்ட மெண்டலின் கணக்குப்படி, இரண்டு இயல்புகளும் ஒன்றையொன்று சாராமல் போனால் 9:3:3:1 என்று வரவேண்டும். பாடநூல்களில் இன்றைக்கும் கொடுக்கப்படுகிற எண்ணிக்கை இது. மொத்தம் 6,952 செடிகள். ஊதாவும் நீளமும் 4,831. ஊதாவும் உருண்டையும் 390. சிவப்பும் நீளமும் 393. சிவப்பும் உருண்டையும் 1,338. மெண்டலின் விகிதம் சரியென்றால் ஏறத்தாழ 3,910, 1,300, 1,300, 435 என்று வந்திருக்க வேண்டும். பாட்டன் பாட்டியில் சேர்ந்திருந்த இயல்புகள் பேரப்பிள்ளைகளிலும் சேர்ந்தே வருகின்றன. பிரிந்து வந்தவை எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கைப்பிரதியில் இந்த இடம் ஒரே வசனத்தில் முடிந்திருந்தது. ‘பனெட்டும் பேற்சனும் பரம்பரையலகு இணைப்பைக் கண்டுபிடித்தனர்.’ அவ்வளவுதான். பரம்பரையலகுகள் (ஜீன்கள்) சில இப்படிப் பிரியாமல் சேர்ந்தே போவதுதான் இணைப்பு. எண்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தமிழில் வாசிக்கிறவர்களுக்குக் கணக்கு வந்தால் அலுத்துப்போகும் என்று வேறொருவர் சொன்னாராம். எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உடற்கூற்றியலைத் தமிழில் அச்சிட்டு, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது. நாலு எண்களைக் கண்டு எங்கள் வாசகர் ஓடமாட்டார்.

எண்களைப் போட்டபின் என்ன செய்வது என்பதுதான் முக்கியம். விடையை உடனே சொல்லக்கூடாது. ஏனென்றால் அவர்களிடம் விடை இருக்கவில்லை. இரண்டு பரம்பரையலகுகளும் கலத்தின் கருவிலுள்ள ஒரே நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதால் சேர்ந்து போகின்றன என்று இன்றைக்கு ஒரு மாணவி மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். கலங்களை ஆராய்ந்த சற்றனும் பொவேரியும் 1902, 1903 அளவிலேயே நிறமூர்த்தங்களைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். ஆனால் பேற்சன் அதை ஏற்கவில்லை. பரம்பரை போன்ற ஒன்றை நுணுக்குக்காட்டியில் தெரிகிற ஒரு துண்டுப் பொருளில் கட்டிவைக்க அவருக்கு மனமில்லை. பனெட் அவரோடு நின்றார். இருவரும் 1911 இல் வேறொரு விளக்கம் கொடுத்தார்கள். சில சேர்க்கைகளைக் கொண்ட கலங்கள் மற்றவற்றை விடக் கூடுதலாகப் பெருகுகின்றன, அதனால்தான் எண்ணிக்கை இப்படி வருகிறது என்பது அந்த விளக்கம். அதே காலத்தில் நியூயோர்க்கில் மோர்கனின் ஆய்வுகூடத்துப் பழ ஈக்கள் மற்ற விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. 1913 இல் மோர்கனின் மாணவர் ஸ்ரேட்டவன்ற் பரம்பரையலகுகளை ஒரு கோட்டில் வரிசைப்படுத்தி முதல் வரைபடத்தையே கீறிவிட்டார். பேற்சன் நேரே நியூயோர்க் போய்ப் பார்த்து இறங்கிவந்தது 1921 இன் கடைசியில்தான்.

“அப்ப, அவர் கோட்டைவிட்டவர் எண்டு எழுதச் சொல்லுறீரோ?” என்று ரீச்சர் கேட்டார். அவருடைய குரலில் பனெட்டுக்காக ஒரு கவலை இருந்தது. எனக்கு அது பிடித்தது. தான் எழுதுகிற ஆளில் அக்கறை இல்லாதவர் வாழ்க்கை வரலாறு எழுதக்கூடாது. இல்லை ரீச்சர், அவர் என்ன கண்டார், எதைக் கொண்டு அதை விளங்கிக்கொள்ளப் பார்த்தார் என்று எழுதுங்கோ என்றேன். எண்கள் வரும் பக்கத்தில் வாசகரும் குழம்ப வேண்டும். பனெட்டின் விளக்கம் வரும்போது, ‘ஓ, அப்படியும் இருக்கலாம்தானே’ என்று வாசகருக்கும் தோன்ற வேண்டும். மோர்கனை அதற்கடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிப் போடலாம். பிழையான விளக்கத்தை நியாயமான ஒரு மனிதர் எப்படி நியாயமாக நம்பினார் என்று காட்டினால், அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை.

ஹார்டியின் கதை ரீச்சரிடம் நன்றாகவே இருந்தது, ஒரு கை வைத்தால் போதும். பனெட் 1908 இல் லண்டனில் மருத்துவர்கள் முன் மெண்டலிய விதிகளைப் பற்றிப் பேசுகிறார். ஆட்சியுடைய (ஒரு பெற்றாரிடமிருந்து வந்தாலே வெளித்தெரிகிற) இயல்பு என்றால் காலப்போக்கில் சனத்தொகை முழுக்க அதுவே பரவிவிடாதா என்ற சிக்கல் எழுகிறது. அப்படி நடப்பதில்லை என்று பனெட்டுக்குத் தெரியும், ஏன் நடப்பதில்லை என்று காட்டத் தெரியவில்லை. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, தன்னோடு கிரிக்கெட் விளையாடுகிற கணிதவியலாளர் ஹார்டியிடம் போய்க் கேட்கிறார். வேறெதுவும் குறுக்கிடாவிட்டால் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும் என்று காட்டுவது ஹார்டிக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டளவு கணக்கு. அந்த ஆண்டு யூலையில் ‘சயன்ஸ்’ இதழில் சிறிய கடிதமாக வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்பே ஜேர்மனியில் வைன்பேர்க் என்ற வைத்தியரும் அதையே சொல்லியிருந்தார் என்பதால் இரண்டு பெயரும் சேர்ந்து நிலைத்தன. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கிற வடக்கின் போருக்குச் சனம் திரண்டு போகிற ஊரில், கிரிக்கெட்டால் வந்த சமன்பாடு என்றால் பிள்ளைகள் காதைக் கொடுப்பார்கள். ரீச்சருக்கு அது தெரிந்திருந்தது. நான் கேட்டதெல்லாம், பனெட் விழித்த அந்தக் கணத்தை விழுங்கிவிடாதீர்கள் என்பதுதான். கைப்பிரதியில் அவர் ‘ஹார்டியுடன் இணைந்து நிறுவினார்’ என்று இருந்தது. அவர் நிறுவவில்லை. தனக்கு விளங்காததை விளங்கக்கூடிய ஆளிடம் கொண்டுபோனார். அது அவருடைய குணத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. அதைச் சொன்னவரும் அவர்தான். முதுமையில், 1950 இல், அந்தக் காலத்தை நினைத்து எழுதிய கட்டுரையில் பனெட் இதை ஒளிக்காமல் சொல்கிறார்.

அப்புறம் பெண்கள். கைப்பிரதியில் எடித் சோண்டர்ஸ் ‘உதவியாளர்’ என்று ஓரிடத்தில் வந்து போகிறார். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கவில்லை. பனெட் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பேற்சனோடு கலப்புகள் செய்துகொண்டிருந்தவர் சோண்டர்ஸ். பெண்களுக்கென்று இருந்த பல்போர் ஆய்வுகூடத்தை நடத்தியவர். நியூன்ஹாம் முதலான பெண்கள் கல்லூரிகளைச் சேர்ந்த பலர் அந்தக் குழுவில் செடியும் எலியும் கோழியும் வளர்த்து எண்ணினார்கள். புளோரன்ஸ் டேரம், மியூரியல் வெல்டேல் என்று பெயர்கள் இருக்கின்றன. வெல்டேல் பூக்களின் நிறப்பொருள்களை இரசாயனமாகவே ஆராய்ந்து தனக்கென ஒரு துறையைத் திறந்தவர். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948 இல். சோண்டர்ஸ் 1945 இலேயே இறந்துவிட்டார். இதை அனுதாபப் பந்தியாக ஒரு மூலையில் போட வேண்டாம், செடிகளை எண்ணும் அதே பக்கத்தில் அவர்களும் இருக்க வேண்டும் என்றேன். ரீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் படிக்கேக்க எங்கட ஆய்வுகூடத்திலயும் தட்டுமுட்டு வேலை முழுக்கப் பெட்டையள்தான்” என்றார். அந்த அத்தியாயத்தைத் தானே திருப்பி எழுதுவதாகச் சொன்னார், நான் மேலே கதைக்கவில்லை.

இனி இலங்கை. எனக்கு மிகவும் ஆசையான பகுதி இதுதான். கைப்பிரதியில் இது ஒரு பந்திகூட இல்லை. பனெட் இலங்கைக்கு வந்து வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்திருக்கிறார். கொழும்பு நூதனசாலையின் ‘ஸ்பொலியா செலனிக்கா’ இதழில் 1910 இல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளின் போலித் தோற்றம் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. 1915 இல் அது ஒரு தனி நூலாக வளர்ந்தது. அதில் நடுநாயகமாக இருக்கும் பூச்சி எங்கள் வளவுகளில் பறப்பது. தேசிக்காய் மரம், தோடை, கறிவேப்பிலை, வில்வம் எதிலும் முட்டையிடும். இளம் மயிர்க்கொட்டி பறவை எச்சம் போலவே இலையில் கிடக்கும். வளர்ந்தபின் பச்சை. ஈர்க்கால் மெல்லத் தட்டினால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த கவர்க்கொம்பு ஒன்றை நீட்டி ஒரு காரமான மணத்தை விடும். அறிவியற் பெயர் பப்பிலியோ பொலிற்றஸ்.

ஆண் பூச்சி எப்போதும் ஒரே மாதிரி. கறுப்புச் சிறகு, பின்சிறகில் குறுக்காக வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சைச் சேர்த்து வைத்திருக்கிற வேறு இரண்டு இனங்களைப் போல இருக்கும். பறவைகள் அந்த நஞ்சுப் பூச்சிகளைத் தொடாது, அவற்றைப் போலத் தெரிகிற இந்தப் பெண்ணும் தப்பும். கிட்டப்போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நஞ்சுள்ள பூச்சியின் உடம்பே சிவப்பு. போலியின் சிறகில் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலும் உடம்பு கறுப்புத்தான். பூவில் சிறகடித்துக்கொண்டு நிற்கும்போது உடம்பைப் பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் ஏமாற மாட்டீர்கள்.

பனெட்டைக் குடைந்த கேள்வி, ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு வகைப் பெண்கள் வருகிறார்களே, நடுவில் அரைகுறையான வகைகள் ஏன் இல்லை என்பது. போலித் தோற்றம் கொஞ்சம் கொஞ்சமாக இயற்கைத் தேர்வினால் செப்பனிடப்பட்டது என்றால் இடைப்பட்ட உருவங்கள் இருக்க வேண்டாமா? இல்லையென்றால் அது ஒரே பாய்ச்சலில் வந்திருக்க வேண்டும் என்றார். பிரையர் என்ற பூச்சியியலாளர் இலங்கையிலேயே இந்தப் பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, இரண்டு மெண்டலியக் காரணிகள் போதும், ஆண்களும் அவற்றைக் காவுகிறார்கள், ஆனால் பெண்களில்தான் அவை வெளித்தெரிகின்றன என்று காட்டினார். பனெட்டின் முடிவைப் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் 1927 இல் கடுமையாக எதிர்த்தார். தொடக்கம் ஒரு மாற்றமாக இருக்கலாம், ஆனால் அதை மெருகேற்றியது படிப்படியான தேர்வுதான் என்பது பிஷரின் வாதம். பனெட் 1940 இல் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய பேராசிரியர் கதிரைக்கு 1943 இல் வந்து அமர்ந்தவரும் அதே பிஷர். 2014 இல் இந்தப் பூச்சியின் மரபுத்தொகுதியை ஆராய்ந்தவர்கள், பால் வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் டபிள்செக்ஸ் என்ற ஒரே பரம்பரையலகுதான் இதற்குச் சாவி என்று கண்டார்கள். ஒரே சாவி என்பதில் பனெட் பக்கம் நியாயம் இருந்தது. அந்த ஒரு இடத்துக்குள்ளேயே பல மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதில் பிஷர் பக்கமும் இருந்தது. இருவருக்கும் அது தெரியாது.

இதை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து பனெட்டைப் பற்றி எழுதலாமா? கேம்பிரிட்ஜில் இருந்து எழுதுகிறவருக்குப் பழைய கடிதங்கள் கைக்கெட்டும். எங்களுக்குப் பூச்சி கைக்கெட்டும். ரீச்சரின் வீட்டுக் கிணற்றடியிலேயே தேசிமரம் நிற்கிறது. ஒரு மயிர்க்கொட்டியைப் போத்தலில் வளர்த்து, கூட்டுப்புழுவாகி வெளிவரும்வரை பார்த்து, அதை அப்படியே எழுதினால் அந்த அத்தியாயத்தை வேறு எவராலும் எழுத முடியாது. படிப்பித்த காலத்தில் எங்களைச் செய்யச் சொன்ன வேலைதான் இது. கேட்டதும் சிரித்தார். இப்போது விறாந்தையில் போத்தல் இருக்கிறது.

கடினமான பகுதி கடைசியில் வந்தது. குறைபாடுள்ளவர்கள் என்று கருதியவர்களைப் பிள்ளை பெறவிடாமல் தடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கைதான் இனமேம்பாட்டியல். அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் நடந்ததில் பனெட்டுக்கும் பங்கு உண்டு. ரீச்சர் அதைத் தொடவே இல்லை. நல்லதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வோம் என்ற எண்ணம். நான் மறுத்தேன். 1917 இல் பனெட் ஒரு கணக்குப் போட்டார். நூற்றில் ஒருவருக்கு இருக்கிற பின்னிடைவான (இரு பெற்றாரிடமிருந்தும் வந்தால்தான் வெளித்தெரிகிற) ஒரு குறைபாட்டை, அது உள்ளவர்களைப் பிள்ளை பெறவிடாமல் தடுத்து ஆயிரத்தில் ஒன்றாக்க 22 தலைமுறை வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றாக்க 90 தலைமுறை. இலட்சத்தில் ஒன்றாக்க 8,000 ஆண்டுக்கு மேல். கணக்கு சரி. ஹார்டியிடம் அவர் கேட்டுப் போன அதே கணக்கின் தொடர்ச்சிதான். அந்தக் கணக்கே அந்தக் கொள்கையின் காலை வாரிவிடுகிறது. ஆனால் பனெட் கொள்கையைக் கைவிடவில்லை. வெளியே தெரியாமல் காவுகிறவர்களைக் கண்டுபிடிக்க வழி தேட வேண்டும் என்ற பக்கமே போனார். பிறப்பை வைத்து ஆளைத் தரம்பிரித்துக் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மறித்த ஊரில் இருந்து எழுதுகிறோம். இந்தப் பக்கத்தை மூடிவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும். ரீச்சர் நெடுநேரம் வாதாடினார். கடைசியில், “கணக்கை முழுசாப் போடுறன், அதுக்குப் பிறகு அவர் என்ன செய்தவர் எண்டதையும் போடுறன். கண்டனத்தை வாசிக்கிறவை செய்யட்டும்” என்றார். அது என்னுடைய யோசனையை விட நல்ல யோசனை.

கோழி அத்தியாயத்தில் திருத்த ஒன்றுமில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் தீவனம் தட்டுப்பட்டபோது, பொரித்த அன்றே சேவற்குஞ்சையும் பேட்டுக்குஞ்சையும் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று பனெட் காட்டியது. பொன்னிறச் சேவலையும் வெள்ளிநிறப் பேட்டையும் சேர்த்தால் சேவற்குஞ்சுகள் வெளிறியும் பேட்டுக்குஞ்சுகள் பொன்னிறமாகவும் வரும். ஊர்க்கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்த ஆள் எழுதினது என்று வாசிக்கவே தெரிகிறது.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. பனெட்டும் பேற்சனும் 1910 இல் தொடங்கிய ‘ஜேர்னல் ஒஃப் ஜெனெற்றிக்ஸ்’ பின்னாளில் பிரித்தானியப் பரம்பரை ஆராய்ச்சியாளர் ஹோல்டேனின் கைக்குப் போய், 1957 இல் அவரோடு இந்தியாவுக்கு வந்தது. இன்று பெங்களூரில் இந்திய அறிவியல் அக்கடமியின் (Indian Academy of Sciences) வெளியீடாக வருகிறது. ரீச்சர் இதற்கு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஹோல்டேன் வந்தால் அவர் மேடை முழுவதையும் எடுத்துக்கொள்வார், பனெட் தன் சொந்தப் புத்தகத்திலேயே ஓரத்துக்குப் போய்விடுவார், அரைப் பக்கம் போதும் என்பது என் கருத்து. “அதை நான் எடுக்கமாட்டன்” என்று ரீச்சர் உறுதியாகச் சொல்லிவிட்டார். தலைப்பும் இன்னும் முடிவாகவில்லை. ‘தந்தையருள் ஒருவர்’ மட்டும் போய்விட்டது. ஹார்டி பகுதியை இப்போது எங்கள் குழுவின் கணித ஆசிரியர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் திருப்பித் தந்ததும் ஹோல்டேன் விடயத்தை மறுபடி கதைப்பதாக இருக்கிறோம்.